டெல்லியில் திறந்த கோப்பு: நெடுவாசலை முன்வைத்துச் சூழல் தகவல் மறுப்பின் வரலாறு

2017 பிப்ரவரி 15 அன்று டெல்லியில் கூடிய மத்திய அமைச்சரவை, கண்டறியப்பட்ட சிறு எண்ணெய் வயல்களுக்கான ஏலத்தில் 31 ஒப்பந்தப் பகுதிகளை வழங்க ஒப்புதல் தந்தது. அந்த 31-இல் ஒன்று நெடுவாசல். மறுநாளே, புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் இருக்கும் அந்த ஊரில் போராட்டம் தொடங்கிவிட்டது. பலாவும் தென்னையும் வாழையும் கடலையும் பூவும் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி விளையும் செம்மண் பூமி அது. தங்கள் ஊர் ஏலம்போன செய்தியை ஊர்க்காரர்கள் தொலைக்காட்சியிலும் நாளிதழிலும்தான் தெரிந்துகொண்டார்கள்.

இது ரகசியமாக வைக்கப்பட்ட தகவலா என்றால், இல்லை. சிறு வயல்களுக்கான கொள்கையை அமைச்சரவை 2015 செப்டம்பரிலேயே ஏற்றது. 2016 மே மாதம் 67 வயல்களை 46 ஒப்பந்தப் பகுதிகளாகப் பிரித்து ஏல அறிவிப்பு வந்தது. நவம்பர்வரை ஏலம் கேட்க அவகாசம் இருந்தது. ஏலம் கேட்க விரும்பிய கம்பெனிகள் நிலத்தடித் தரவுகளைப் பார்ப்பதற்கென்றே அறைகள் திறக்கப்பட்டன. ஒவ்வொரு பகுதிக்கும் ஆங்கிலத்தில் விவரக் குறிப்பு தயாரிக்கப்பட்டது. நெடுவாசலின் பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று முதலீட்டாளருக்குச் சொல்ல அரசு இவ்வளவு மெனக்கெட்டது. அந்த ஒன்பது மாதத்தில் நெடுவாசலில் இருப்பவருக்குச் சொல்ல ஒரு தமிழ்த் துண்டறிக்கைகூட இல்லை.

சூழல் தகவல் மறுப்பு என்றதும், மனுவுக்கு “தர இயலாது” என்று வரும் பதில்தான் நம் நினைவுக்கு வருகிறது. சட்ட நூல்களும் பெரும்பாலும் அந்தப் பதிலில் காட்டப்படும் பிரிவுகளைப் பற்றியே பேசுகின்றன. புதுக்கோட்டையின் அனுபவத்தைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கேட்டவருக்கு மறுப்பது ஒரு வகை. யார் தலையில் விடிகிறதோ அவர்கள் பார்க்கவே வாய்ப்பில்லாத இடத்தில் வெளியிடுவது இன்னொரு வகை. தகவலே உருவாகாதபடி விதியை மாற்றிவிடுவது மூன்றாவது வகை. கடந்த அரை நூற்றாண்டில் சட்டம் முதல் வகையோடு மல்லுக்கட்டி ஓரளவு வென்றிருக்கிறது. அது வெல்லத் தொடங்கிய பிறகு மற்ற இரண்டும் பெருகியிருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கல்லில் வெட்டியது யாருக்கு?

நீரைப் பற்றிய தகவலைப் பொதுவில் வைக்கும் பழக்கம் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929-இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பைப் புரட்டினால் குளம், ஏரி, தூம்பு, வாய்க்கால் பற்றிய ஆவணங்கள் வரிசையாக வருகின்றன. இந்தப் பகுதிக் கண்மாய்களுக்குள் இன்றும் நிற்கும், நீர் திறந்துவிடும் குமிழித் தூம்புகளின் கல்தூண்களில், அவற்றை நாட்டியவர் பெயரே வெட்டப்பட்டிருக்கிறது. கோடையில் நீர் வற்றினால் தூணும் தெரியும், எழுத்தும் தெரியும். ஒரு நீர்நிலைக்கு யார் பொறுப்பு என்பதை அந்த நீர்நிலையிலேயே எழுதிவைத்த ஏற்பாடு அது.

இதை வைத்துப் பொற்காலக் கதை எழுதிவிடுவது எளிது. நம் மேடைகளில் அடிக்கடி நடப்பதும் அதுதான். கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டு பொது ஆவணம்தான். ஆனால் அந்தச் சுவருக்கு அருகில் போக எல்லாச் சாதியாருக்கும் அனுமதி இருந்ததில்லை. போக முடிந்தவர்களிலும் எழுத்தறிந்தவர் சிலரே. வெளிப்படையாக எழுதியிருந்தும் ஊரில் பாதிப் பேருக்கு எட்டாத ஆவணம் அது. இந்த முரண், பின்னால் இணையதளக் காலத்திலும் கொஞ்சமும் உருமாறாமல் திரும்பி வருகிறது.

ஆங்கிலேயர் காலம் இரண்டு பழக்கங்களை விட்டுச்சென்றது. ஒன்று, 1889-இல் வந்து 1923-இல் இறுகிய அலுவல் ரகசியச் சட்டம். மற்றது நகல் மனு. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 76-ஆவது பிரிவு, பார்வையிடும் உரிமை உள்ளவருக்குப் பொது ஆவணத்தின் சான்றிட்ட நகலைத் தரச் சொன்னது. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுபவர்களின் பிழைப்பு பெரும்பாலும் இந்த நகல் மனுவால்தான் ஓடியது. அடங்கலும் சிட்டாவும் புலப்படமும் இப்படித்தான் விவசாயி கைக்கு வந்தன. கவனிக்கவேண்டியது, நகல் மனுவின் அடிப்படை சொத்து என்பதை. என் நிலம், ஆகவே என் ஆவணம். ஊருக்குப் பொதுவான காற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் அங்கே கேட்பவர் எவருமில்லை.

‘பொதுநலன்’ எனும் தாழ்ப்பாள்

சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அதே 1974-இல் நாடாளுமன்றம் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் 25-ஆவது பிரிவில், அதிகம் பேசப்படாத ஓர் உட்பிரிவு இருக்கிறது. கழிவுநீர் வெளியேற்ற ஆலைகளுக்கு என்னென்ன நிபந்தனைகள் விதிக்கப்பட்டன என்று மாநில வாரியம் ஒரு பதிவேடு வைக்கவேண்டும். அக்கறையுள்ள எவரும் அலுவலக நேரத்தில் வந்து அதைப் பார்க்கலாம். தகவல் உரிமைச் சட்டத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இப்படியொரு கதவு திறந்திருந்தது. தமிழ்நாட்டில் வாரியமே 1982-இல்தான் அமைந்தது என்பது வேறு விஷயம்.

போபால் விபத்துக்குப் பிறகு வந்த 1987, 1988 திருத்தங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. மாசுபடுத்துபவர்மேல் குடிமகனே வழக்குத் தொடரலாம். அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும். அவர் கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளைத் தரவேண்டும். இதுவரை நன்று. அடுத்த வரியில் ஒரு வரம்புரை: வெளியிடுவது பொதுநலனுக்கு எதிரானது என வாரியம் கருதினால் தர மறுக்கலாம். எது பொதுநலன் என்பதற்கு விளக்கம் இல்லை, கருதவேண்டியதும் வாரியமே.

1994-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் இதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது. திட்ட அறிக்கையின் சுருக்கத்தை மக்கள் பார்க்கலாம், ‘பொதுநலனுக்கு உட்பட்டு’, மதிப்பீட்டு முகமையின் தலைமையிடத்தில். தலைமையிடம் டெல்லியில். புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடிக்காரர் ஒருவர் சுருக்கத்தைப் படிக்க இரண்டு இரவு ரயிலில் போகவேண்டும்! 1997 ஏப்ரலில் திருத்தம் வந்து பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமான பிறகே சூழல் தகவல் மாவட்டத் தலைநகர்வரை இறங்கி வந்தது.

1997 தமிழ்நாட்டுக்கு இன்னொரு வகையிலும் முக்கியமான ஆண்டு. இந்தியாவிலேயே முதன்முதலாகத் தகவல் அறியும் உரிமைக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடுதான். இதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அதன் விலக்குப் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதைச் சொல்வதில்லை. தவிர, மாநிலச் சட்டம் மத்திய நிறுவனங்களைத் தொடாது. நெடுவாசல் வட்டாரத்தில் வடகாட்டுப் பக்கம் எண்ணெய் தேடி வந்தது மத்திய அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. அதனிடம் கேள்வி கேட்க இந்தச் சட்டத்தில் வழியில்லை.

எட்டாம் பிரிவும் ஒரு மலைத்தொடரும்

2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் நகல் மனுவின் அடிப்படையைத் தலைகீழாக்கியது. கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை, மறுப்பவர்தான் சொல்லவேண்டும். அந்தக் காரணங்களின் பட்டியல் எட்டாம் பிரிவில் இருக்கிறது. சூழல் தகவலைப் பொறுத்தவரை அதிகம் எடுத்தாளப்படுபவை இரண்டு. 8(1)(ஏ), நாட்டின் பாதுகாப்பு, அதோடு அரசின் கேந்திர, அறிவியல், பொருளாதார நலன்கள். 8(1)(டி), வணிக ரகசியம். இரண்டுக்கும் மேலே 8(2) நிற்கிறது: வெளியிடுவதால் வரும் பொதுநன்மை பெரிதென்றால் விலக்கு இருந்தாலும் தரலாம். முன்பு தாழ்ப்பாளாக இருந்த ‘பொதுநலன்’ இப்போது திறவுகோலாகிவிட்டது. எழுத்தில் இது பெரிய திருப்பம்தான்.

நடப்பில் எப்படி என்பதற்கு மேற்குத் தொடர்ச்சி மலை வழக்கைவிட நல்ல சான்று இல்லை. மாதவ் காட்கில் தலைமையிலான வல்லுநர் குழு 2011 ஆகஸ்ட் 31 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் அறிக்கை தந்தது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களின் நீர், காடு, சுரங்கம், அணை எல்லாவற்றையும் தொடும் அறிக்கை. கேரளத்திலிருந்து ஒருவர் அதைக் கேட்டு விண்ணப்பித்தார். அமைச்சகம் மறுத்தது. அறிக்கை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்றது. 8(1)(ஏ)-வைக் காட்டி, அரசின் நலன் பாதிக்கும் என்றது. ஒரு மலைத்தொடரின் சூழல் நிலையை அங்கே வாழ்பவர் தெரிந்துகொண்டால் அரசின் பொருளாதார நலன் எப்படிக் கெடும் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை. மத்திய தகவல் ஆணையர் சைலேஷ் காந்தி 2012 ஏப்ரலில் வெளியிட உத்தரவிட்டார். அமைச்சகம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. மே 17 அன்று மனு தள்ளுபடியானது. கொள்கை முடிவான பிறகு மக்களிடம் கருத்துக் கேட்பதில் பயனில்லை, முடிவாவதற்கு முன்பே அறிக்கை அவர்கள் கையில் இருக்கவேண்டும் என்ற திசையில் தீர்ப்பு பேசியது. அதற்கடுத்த வாரமே அறிக்கை அமைச்சகத்தின் தளத்தில் ஏறியது.

இந்த வழக்கில் பிரிவுகளைவிட முக்கியமாக எனக்குப் படுவது ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்ற பதில். எட்டாம் பிரிவின் பட்டியலில் இப்படியொரு காரணமே கிடையாது. ஆனாலும் கலெக்டர் அலுவலகம் முதல் அமைச்சகம்வரை அதிகம் புழங்கும் பதில் இதுதான். தமிழில் ‘கோப்பு நடவடிக்கையில் உள்ளது’ என்று வரும். தகவல் மனுப் போட்டுப் பழகியவர்களுக்கு இதன் உடன்பிறப்புகளும் அத்துப்படி: ‘இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை’, ‘பிரிவு 6(3)-இன்கீழ் மாற்றி அனுப்பப்பட்டது’, ‘மூன்றாம் நபர் தொடர்பானது’.

கூடங்குளத்தில் கதை வேறு விதமாகப் போனது. அணு உலைக்கான இடத்தேர்வு அறிக்கையையும் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் அணு உலை எதிர்ப்பாளர் சுப. உதயகுமார் கேட்டார். அணுமின் கழகம், பாதுகாப்பையும் ரஷ்ய நிறுவனத்தின் வணிக உரிமையையும் காரணம் காட்டியது. 2012 ஏப்ரல் 30 அன்று அதே சைலேஷ் காந்தி வெளியிடச் சொன்னார். கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. காட்கில் அறிக்கை வெளிவந்த அதே மாதங்களில், அதே சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆய்வறிக்கை வெளிவரவில்லை. ‘பாதுகாப்பு’ என்ற சொல் நுழைந்தவுடன் 8(2)-இன் திறவுகோல் துருப்பிடித்துவிடுகிறது.

உலக நடப்பை இங்கே ஒரு வரி பார்த்துவிடலாம். 1992 ரியோ மாநாட்டின் பத்தாம் கோட்பாட்டுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது 1998-இல் ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்ட ஆர்ஹஸ் உடன்படிக்கை. மறுப்புக்கான காரணங்களை அதுவும் பட்டியலிடுகிறது. ஆனால் அவற்றைக் குறுக்கியே பொருள்கொள்ளவேண்டும் என்கிறது. வணிக ரகசியம் என்றாலும், சூழலில் கலக்கும் உமிழ்வுகள் பற்றிய தகவலை மறைக்கக்கூடாது என்கிறது. நம் சட்டத்தில் உமிழ்வுக்கென்று அப்படித் தனிச்சொல் இல்லை. இந்தியா அதில் உறுப்பு நாடும் அல்ல.

நெடுவாசல்: எந்தக் கட்டத்தில் சொல்லியிருக்கவேண்டும்?

இனி நெடுவாசலுக்கு வருவோம். 2017-க்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நெடுவாசல், நல்லாண்டார்கொல்லை, வாணக்கன்காடு, கோட்டைக்காடு, கருக்காக்குறிச்சி, வடகாடு வட்டாரத்தில் ஓ.என்.ஜி.சி. சோதனைக் கிணறுகள் தோண்டியிருந்தது. நிலம் விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் எடுக்கப்போவதாகச் சொல்லித்தான் நிலத்தைக் கேட்டார்கள் என்று போராட்ட நாட்களில் விவசாயிகள் செய்தியாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். குத்தகை வாங்கியவர்கள் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்களா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இத்தனை ஆண்டுகள் வயலுக்கு நடுவே வேலிபோட்ட கிணறு நின்றும் அதற்குள் என்ன இருக்கிறது என்பதற்கு ஊரில் புழங்கிய சொல் ‘மண்ணெண்ணெய்’ என்பதே, எந்த அளவுக்குத் தகவல் இறங்கியிருந்தது என்பதற்குச் சான்று.

2017-இல் அரசுத் தரப்பு சொன்ன பதில்கள் இவை: இது மீத்தேன் அல்ல, வழக்கமான எண்ணெய், எரிவாயு எடுப்புதான், நிலத்தடி நீர் இருக்கும் அடுக்குக்கு வெகு கீழே நடப்பது, விவசாயம் பாதிக்காது. இவற்றில் முதல் இரண்டும் தொழில்நுட்ப ரீதியில் பொருட்படுத்தத் தக்கவை. நிலக்கரிப் படுகை மீத்தேனை எடுப்பதற்கு நீரை வெளியே இறைக்கவேண்டும். மரபான எண்ணெய் வயல் அப்படியல்ல. ஆனால் ஊரார் ஏன் மீத்தேன் என்று புரிந்துகொண்டார்கள்? பக்கத்தில் மன்னார்குடி இருக்கிறது. அங்கே 2010-இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி, 2011 ஜனவரியில் மாநில அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்ட மீத்தேன் திட்டமும் இப்படித்தான் வெகு தாமதமாக ஊருக்குத் தெரியவந்தது. அதை எதிர்த்து ஊர் ஊராகப் போன இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்கு அருகே பிச்சினிக்காட்டில் காலமானார். மாநில அரசு 2015 அக்டோபரில் அத்திட்டத்தைத் தடைசெய்தது. காவிரிப் படுகையில் ‘குழாய்’ என்றாலே மீத்தேன் என்று பொருள்பட்டதற்கு இந்த நினைவு காரணம். வதந்தி என்று அதிகாரிகள் அலுத்துக்கொண்டார்கள். தகவல் வராத இடத்தில் முந்தைய அனுபவம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை வதந்தி என்று தள்ளிவிட முடியாது.

சட்டப்படி எப்போது சொல்லியிருக்கவேண்டும் என்பதே மையக் கேள்வி. ‘சூழல் அனுமதி கேட்கும்போது கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும், அப்போது எல்லாம் சொல்லப்படும்’ என்பது ஒரு பதில். 2006-ஆம் ஆண்டு தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அது சரியே. அன்றைய நிலையில் நிலத்தில் துளையிட்டு எண்ணெய் தேடுவதும் எடுப்பதும் ‘ஏ’ வகைத் திட்டங்கள்; மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், மாநில மொழியில் சுருக்கம் வேண்டும், 30 நாள் முன்னறிவிப்போடு கூட்டம் வேண்டும். ஆனால் இந்த வரிசையில் முதலில் கொள்கை, பிறகு ஏலம், அமைச்சரவை ஒப்புதல், ஒப்பந்தக் கையெழுத்து; அத்தனைக்கும் பிறகே சூழல் அனுமதி. கம்பெனி பணம்போட்டு, அரசு கையெழுத்துப் போட்ட பின் ஊரிடம் கேட்பது, கல்யாணப் பத்திரிகை அடித்தபின் பெண்ணிடம் சம்மதம் கேட்பதைப் போன்றது. ஏலம் என்பது தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கண்ணில் ‘திட்டமே’ அல்ல. ஆகவே அக்கட்டத்தில் சொல்லவேண்டியதும் இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்தின் கண்ணில் அப்படியல்ல. அதன் 4(1)(சி), மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போதும் முடிவுகளை அறிவிக்கும்போதும் தொடர்புள்ள அனைத்து விவரங்களையும் தானாகவே வெளியிடச் சொல்கிறது. அடுத்து வரும் 4(1)(டி), பாதிக்கப்படுபவருக்குக் காரணங்களைச் சொல்லச் சொல்கிறது. 4(4) உள்ளூர் மொழியையும், அந்த வட்டாரத்தில் எது நன்றாகச் சென்றுசேரும் என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. எவரும் மனுப் போடாமலே நடக்கவேண்டியவை இவை. எட்டாம் பிரிவை ஆயிரம் தீர்ப்புகள் அலசியிருக்கின்றன. நாலாம் பிரிவை மீறியதற்கு அலுவலரைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமே இல்லை. 20-ஆவது பிரிவின் அபராதம், கேட்டும் தராதவருக்கே.

இன்னொரு விவரம் பலர் கண்ணில் படாமல் போனது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர் கடைசியில்தான் நடந்தது. அதாவது ஏலம், ஒப்புதல், ஒப்பந்தம் எல்லாம் முடிவான காலத்தில் நெடுவாசலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரே கிடையாது. இருந்தவர் தனி அலுவலர். டெல்லியிலிருந்து யாராவது தகவல் சொல்ல நினைத்திருந்தாலும், மக்கள் பிரதிநிதி என்று கடிதத்தில் எழுத முகவரி இல்லாத காலம் அது.

போராட்டம் 22 நாள் நடந்து, மக்கள் ஒப்புதல் இல்லாமல் திட்டம் வராது என்ற உறுதிமொழியை ஏற்று மார்ச் 9 அன்று நிறுத்திவைக்கப்பட்டது. மார்ச் 27 அன்று டெல்லியில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. நெடுவாசல் கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்குப் போனது. உறுதிமொழிக்கும் கையெழுத்துக்கும் இடையே 18 நாள். ஏப்ரல் 12 அன்று ஊர் மறுபடி உட்கார்ந்து பல மாதங்கள் எழவில்லை. இரண்டாம் கட்டப் போராட்டத்தின் காரணம் எண்ணெயைவிட இந்த 18 நாள்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

கோப்பு அருகில் வந்தது, மெலிந்து வந்தது

2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2006 அறிவிக்கையைத் திருத்தியது. எண்ணெய், எரிவாயு தேடும் துளைப்பணி ‘ஏ’ வகையிலிருந்து ‘பி2’ வகைக்கு மாறியது. பி2 என்றால் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவையில்லை, கருத்துக்கேட்பும் தேவையில்லை. எடுப்புப் பணி பழைய வகையிலேயே தொடர்ந்தது. தேடலுக்கு அனுமதி தரும் இடம் டெல்லியிலிருந்து மாநில ஆணையத்துக்கு, அதாவது சென்னைக்கு வந்தது.

தகவல் வரலாற்றில் இதைத் தனியாகக் குறிக்கவேண்டும். 2011-இல் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோட்டைப் போட்டது: அலுவலகத்தில் இருக்கும் தகவலைத்தான் தரவேண்டும், இல்லாததை உருவாக்கித் தரவேண்டியதில்லை. இந்த விதியையும் 2020 திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேடல் கிணறு நிலத்தடி நீரை என்ன செய்யும் என்ற மதிப்பீடு எழுதப்படவே இல்லை. எழுதப்படாததைக் கேட்க முடியாது. எட்டாம் பிரிவுக்கு வேலையே இல்லை. பொதுத் தகவல் அலுவலர் மனசாட்சியோடு ‘அப்படியோர் அறிக்கை இல்லை’ என்று பதில் தரலாம். அது முழு உண்மை.

மாநிலத்தில் இதற்கு எதிர்வினை வேகமாக வந்தது. அன்றைய முதலமைச்சர் பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 9 அன்று பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தை அறிவித்தார். அம்மாதமே சட்டம் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு புதுக்கோட்டையின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களும் அதற்குள் வந்தன. மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடவோ எடுக்கவோ கூடாது. அது ஊர்களுக்குப் பாதுகாப்பு. தகவல் உரிமை அல்ல. அந்தச் சட்டத்துக்குப் பிறகும் 2021 ஜூனில் மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் மூன்றாம் சுற்று ஏல அறிவிப்பில் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு பகுதி இருந்தது. பெயர் ‘வடதெரு’. கருக்காக்குறிச்சி வடதெரு. தமிழ்நாட்டில் வடதெரு இல்லாத ஊர் எது? நெடுவாசல் என்ற பெயரை நாடே அறிந்த பிறகு, பக்கத்து ஊரின் தெருப்பெயரில் வந்த அறிவிப்பை ஊர்க்காரர் எப்படி அடையாளம் காண்பது? ஜூன் 13 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2023-இல் காவிரிப் படுகையின் வடசேரி, மைக்கேல்பட்டி நிலக்கரி ஏலத்திலும் இதே வரிசைதான்: ஏல அறிவிப்பு முதலில், மாநிலத்தின் கடிதம் பிறகு. மாநில அரசுக்கே தகவல் இப்படி வந்துசேரும்போது ஊராட்சியை என்ன சொல்ல?

இதே மாநில அரசு தன் கையிலிருக்கும் தகவலை எப்படி நடத்துகிறது என்பதையும் சொல்லாமல் விட்டால் கட்டுரை ஒருபக்கமாகிவிடும். எண்ணெய், எரிவாயுத் திட்டங்களின் சூழல் தாக்கத்தை ஆராய 2021-இல் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் தலைமையில் குழு அமைத்தது. 2022-இல் அறிக்கை அரசிடம் தரப்பட்டது. தந்தவுடன் அது மக்கள் பார்வைக்கு வரவில்லை. 2025 ஆகஸ்டில், பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓ.என்.ஜி.சி.க்கு 20 தேடல் கிணறுகளுக்கு மாநில ஆணையம் அனுமதி தந்திருப்பது வெளியே தெரிந்தபோதும் அந்த அறிக்கையை வெளியிடச் சொல்லும் குரல்கள் எழுந்தன. அனுமதியைத் திரும்பப் பெற அறிவுறுத்தியதாக அரசு சொன்னது. பி2 வகை என்பதால் அங்கே கருத்துக்கேட்புக் கூட்டம் சட்டப்படி தேவைப்படவில்லை. காட்கில் அறிக்கையை மறைத்த டெல்லியைத் திட்டியவர்கள் நாம்.

கல்குவாரியும் பெயரும்

எண்ணெய் பெரிய செய்தி. மாவட்டத்தின் மேற்கிலும் தெற்கிலும் தினசரிப் பிரச்சினை கல்குவாரி. இதற்கும் விதிகள் உண்டு. 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சூழல் அனுமதி வேண்டும் என்றது. 2016 ஜனவரி அறிவிக்கை, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கனிம ஆய்வறிக்கை தயாரித்து, வரைவை கலெக்டர் அலுவலகத்திலும் மாவட்ட இணையதளத்திலும் 21 நாள் பார்வைக்கு வைக்கச் சொன்னது. அந்த 21 நாள் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது திருமயத்தில் வெடிச்சத்தம் கேட்டு வீட்டுச் சுவரில் விரிசலைப் பார்ப்பவருக்கு எந்த வழியில் தெரியும் என்று விதி சொல்லவில்லை.

திருமயம் வட்டாரத்தில் சட்டவிரோதக் கல்குவாரிகள் குறித்துத் தொடர்ந்து மனுக் கொடுத்துவந்த முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர் ஜகபர் அலி, 2025 ஜனவரி 17 அன்று லாரி மோதி உயிரிழந்தார். விபத்து என்று தொடங்கிய வழக்கு கொலை வழக்காகி, சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. தகவலுக்கும் நடவடிக்கைக்கும் மனுப் போடுவது இந்த மாவட்டத்தில் எப்படிப்பட்ட வேலை என்பதை அதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை. மனுதாரர் பெயரும் முகவரியும் மனுவிலேயே இருக்கின்றன. எதிர்த்தரப்பின் பெயர்தான் ‘மூன்றாம் நபர் தகவல்’ ஆகிறது.

இந்தச் சமமின்மை இனிக் கூடவே செய்யும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)-ஆவது பிரிவு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே)-யில் இருந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டு, ‘தனிநபர் தகவல்’ என்றாலே விலக்கு என்று சுருக்கியது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்ற அழகான வரம்புரையும் அதோடு போயிற்று. குவாரிக் குத்தகைதாரர் பெரும்பாலும் தனிநபர்களே. யார் பெயரில் குத்தகை, எத்தனை கனமீட்டருக்கு அனுமதிச் சீட்டு, எவ்வளவு அபராதம் என்பவற்றில் எது ‘தனிநபர் தகவல்’ என்று இனி அலுவலர்தான் முடிவெடுப்பார். 8(2) இன்னும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, பயன்படுத்தவேண்டும் என்று சொல்லவில்லை.

மறைக்கவேண்டிய ஒன்று

மறுப்புக்கான எல்லாக் காரணமும் போலி என்று சொல்ல நான் தயாரில்லை. ஆர்ஹஸ் உடன்படிக்கையின் பட்டியலில், அரிய உயிரினங்கள் இனப்பெருக்கம் செய்யும் இடத்தைச் சொல்லாமல் விடலாம் என்று ஒரு காரணம் இருக்கிறது. சூழலைக் காப்பதற்காகவே சூழல் தகவலை மறைப்பது. நம் எட்டாம் பிரிவில் அரசின் பொருளாதார நலனுக்கு இடம் இருக்கிறது, இதற்கு இல்லை.

புதுக்கோட்டைக்கு இது வெறும் ஏட்டுப் பிரச்சினை அல்ல. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் அந்த விலங்கு கடற்புல் படுகையில் மேய்வது. இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டுக் குறைந்துபோனது. எந்தப் படுகையில், எந்த மாதத்தில், குட்டியோடு மேய்கிறது என்ற வரைபடத்தை ஒருவர் 10 ரூபாய் கட்டிக் கேட்டால், வனத்துறை தைரியமாக எடுத்துக்காட்டி மறுப்பதற்கு நேரான பிரிவு இல்லை; ‘அறிவியல் நலன்’ என்று எதையாவது சுற்றி வளைத்துச் சொல்லவேண்டும்.

அந்த வரைபடத்துக்கான விவரம் முதலில் வந்ததே கட்டுமாவடியிலும் மணமேல்குடியிலும் படகு இறக்குபவர்களிடமிருந்துதான். வலையில் சிக்கிய ஆவுளியாவைக் கடலில் திரும்ப விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லும் மீனவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கிறார்கள். எங்கே சிக்கியது, எத்தனை அடி, ஆணா பெண்ணா என்று அதிகாரி கேட்டு எழுதிக்கொள்கிறார். அங்கே மட்டும் கேள்வி கேட்பது அரசு. காரணம் கேட்காமல், கட்டணம் வாங்காமல், அன்றைக்கே பதில் சொல்வது ஊர்.